கோரின் கேட்ட தேதி

எங்கள் ஊரில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் ஓர் ஆண்டுக்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். மலைப் பூங்காவுக்குள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள் பன்னிரண்டுதான். ஓர் இடத்தில் ஒரு காலையில் ஒரே ஒரு ஜோடி. டெக்சஸிலிருந்தும் நெப்ராஸ்காவிலிருந்தும் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வருகிறவர்கள்கூட, பூங்கா அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் ஓடி வரவேண்டும். அப்படி வருகிறவர்களுக்குப் பெர்மிட் வாங்கி, பூ வாங்கி, வழி காட்டி, படம் எடுத்து அனுப்பி வைப்பதுதான் டார்லாவும் கோரினும் சேர்ந்து நடத்திய தொழில்.

டார்லா பூங்காவில் பத்துக் கோடைக்காலம் பாதை செப்பனிடும் வேலை பார்த்தவள். எந்த ஏரியில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தச் சரிவில் ஆஸ்பென் மரங்கள் எந்த வாரம் மஞ்சளாகும், எங்கே காற்று மணப்பெண்ணின் முக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போகும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கோரினுக்கு மலை தெரியாது, மனிதர்களைத் தெரியும். தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினால் போதும், அந்தப் பக்கம் இருக்கும் பெண் இவளைக் கூடப்பிறந்தவளாகவே நினைத்துக்கொள்வாள். டார்லாவும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

டார்லா ஒரு காலத்தில் குடித்தவள். விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை ஊரில் ஒரே ஓர் ஆளிடம் சொல்லியிருந்தாள். அந்த ஆள் கோரின்.

மலைமுகட்டில் ஜூலை மாதக் கல்யாணமென்றால் காலை பத்து மணிக்குள் முடித்து இறங்கிவிட வேண்டும் என்பது டார்லாவின் சட்டம். மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடி இறங்கும். இறங்காத நாள் அபூர்வம். அந்த முறை மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்யும் ஆள் பதினொரு மணிக்குத்தான் வர முடியும் என்று சொன்னதும், கோரின் டார்லாவைக் கேட்காமலே நேரத்தை மதியம் ஒரு மணிக்கு மாற்றிவிட்டாள். டார்லா முடியாது என்றாள். "நீ போகலன்னா வேற ஆள அனுப்புவேன்" என்றாள் கோரின். வேறு ஆளுக்கு இறங்கும் வழி தெரியாது. அதனால் டார்லாவே போனாள்.

நினைத்தபடியே நடந்தது. ஆலங்கட்டி மழை, இடி. மோதிரம் மாற்றும் முன்பே இருவரையும் இழுத்துக்கொண்டு பாறை இடுக்கு வழியாக டார்லா இறங்கினாள். வழியில் மணப்பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. உயிரோடு வந்தார்களே என்று யாரும் நிம்மதிப்படவில்லை. பெண்ணின் அப்பா டென்வரில் பெரிய வக்கீல். மூன்றாம் நாள் கோரின் அவரிடமும் ஊரிடமும் ஒரே கதையைச் சொன்னாள்: டார்லா குடித்திருந்தாள்; நேரத்தை மாற்றியதும் அவள்தான்; பழைய பழக்கம், மறுபடி ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, பாவம்.

அந்தப் 'பாவம்'தான் டார்லாவைக் கொன்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும். கண்ணில் நீரோடு சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். இரும்புச் சாமான் கடைக்காரர் அவள் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். தேவாலயத்தில் அவளிடமிருந்த பலகார மேசைப் பொறுப்பை வேறு ஆளுக்கு மாற்றினார்கள். தொழிலிலிருந்து அவள் பெயரை நீக்கிவிட்டதாகக் கோரின் தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பினாள்.

நான் கடைத்தெருக் கோடியில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அந்த ஜூலை நாளில் டார்லா என் கடையில்தான் காலையிலும் சாப்பிட்டாள், பன்னிரண்டு மணிக்கும் வந்து காப்பி வாங்கிக்கொண்டு மலை ஏறினாள். அவள் மூச்சில் காப்பியைத் தவிர எதுவும் இல்லை. அதை நான் நாலு பேரிடம் சொன்னேன். "நீ அவ சிநேகிதி, அப்படித்தான் சொல்வே" என்றார்கள். சரி என்று அவளை என் அடுப்படியில் வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

"அழுதுடு. ஒரு தடவ அழுதுட்டா போயிடும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்குப் போகணும்? இருக்கட்டும். எனக்கு வேணும் அது" என்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்துக்கான தேதிகளை அக்டோபர் முதல் தேதி காலை எட்டு மணிக்குப் பூங்கா அலுவலகம் திறந்துவிடும். கோரின் எந்தத் தேதியைக் கேட்பாள் என்பது டார்லாவுக்குத் தெரியும். செப்டம்பர் இருபத்தேழு, சனிக்கிழமை, மாரியன் ஏரி, காலை ஏழரை. கல்யாணப் பத்திரிகை ஒன்று நியூயார்க்கிலிருந்து ஆள் அனுப்பி, ஓடிப்போகும் கல்யாணங்களைப் பற்றிப் பத்துப் பக்கம் போடுவதாக இருந்தது. அந்தப் பத்திரிகையோடு முதலில் பேசியவள் டார்லா. அந்தத் தேதியைச் சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு ஏரியின் மறுகரை முழுக்க மஞ்சளாக இருக்கும். எட்டு மணிக்கு முன் வெயில் நீரில் இறங்கும்.

எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டார்லா கையைத் துடைத்துக்கொண்டு என் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் வேகமாக நிரப்பினாள். ஒரு கட்டத்தில் விரல் நின்றது. மணமகன் பெயர்.

"யார் பேரப் போடப் போற?" என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கிக் கடைக்குள் பார்த்தாள். ஜன்னலோரம் வெண்டல் உட்கார்ந்து பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய புரிட்டோ ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன், ஐம்பது வயது, மனைவி பிரிந்து போய் வெகுகாலம். இரண்டு ஆண்டாக அவனும் டார்லாவும் சேர்ந்து சாப்பிடுவதும் சினிமா பார்ப்பதுமாக இருந்தார்கள். ஊர் டார்லாவை விலக்கிய பிறகும் அவன் விலகவில்லை. ஆனால் கல்யாணம் என்ற பேச்சு இருவர் வாயிலும் வந்ததில்லை.

டார்லா அவன் பெயரை அடித்தாள். எட்டு மணி ஆனதும் பொத்தானை அழுத்தினாள். தேதி அவளுக்குக் கிடைத்தது.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கறேன். நேரம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இன்னொரு கோப்பைக் காப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

கோரின் எட்டு மணி ஆறு நிமிடத்துக்குத்தான் இணையத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். விண்ணப்பம் போடும் வேலையெல்லாம் டார்லாதான் செய்வாள். நொடிக் கணக்கு கோரினுக்குத் தெரியாது. பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. நெப்ராஸ்காவிலிருந்து பெத்தனி, கார்ல் என்று ஒரு ஜோடியையும் பேசி முடித்தாயிற்று. தேதி யாரிடம் போனது என்று பூங்கா அலுவலகம் சொல்லாது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜனவரியில் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் கோரின் எழுதினாள்: செப்டம்பர் இருபத்தேழு மாரியன் ஏரியை வைத்திருக்கும் அன்பு மணமகளே, எங்களோடு பேசுங்கள், உங்களுக்கு அதைவிட அழகான இடம் காட்டுகிறோம், படங்கள் எங்கள் பரிசு.

டார்லா இரண்டு நாள் காக்க வைத்தாள். பிறகு புது மின்னஞ்சல் முகவரி ஒன்று தொடங்கி, 'ஜீன் டாலிவர்' என்ற பெயரில் பதில் போட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, மதியம் கடை மூடிய பிறகு அடுப்படி மேசையில் உட்கார்ந்து இருவரும் அந்தக் கடிதங்களைப் படித்தோம். எனக்கு அது பாவமாகத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், மதியம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஜீன் டாலிவர் பயந்த சுபாவமுள்ளவளாக, கொஞ்சம் பிடிவாதக்காரியாக உருவானாள். இடத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாள். ஆனால் தன் கல்யாணம் பத்தே நிமிடம்தான், மீதி நேரத்தைக் கோரினின் ஜோடி தன் விருந்தாளிகளாக வந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்றாள். கோரின் முத்தப் படங்களாக அனுப்பினாள். அதன் பிறகு ஜீன் கேட்டாள்: உங்கள் ஆள் ஒருத்தி மணப்பெண்ணை இடியில் கொண்டுபோய் நிறுத்தினாளாமே?

"அந்தக் குடிகாரி இப்ப எங்ககூட இல்ல, கண்ணு. நீங்க கவலையே படாதீங்க" என்று பதில் வந்தது.

டார்லா அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு எழுந்து, ஏற்கெனவே கழுவிய தோசைக்கல் போன்ற அந்தப் பெரிய இரும்புத் தட்டை மறுபடி தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

நான்கு நாள் கழித்து ஜீன் எழுதினாள்: நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் ஒன்பது ஆண்டாகக் குடியை விட்டவர். அவரைப் போன்ற ஒருவரைத் தெருவில் விட்டவர்களோடு என் கல்யாண நாளைப் பகிர்ந்துகொள்ள மனம் ஒப்பவில்லை. மன்னியுங்கள்.

கோரினின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. ஏப்ரல் பதினொன்று. எனக்கு மனப்பாடம்.

"ஜீன், உங்ககிட்ட மறைக்க மனசு வரல. உண்மையச் சொன்னா அந்தப் பொண்ணு அன்னிக்குக் குடிக்கவே இல்ல. கல்யாணத்த இடி நேரத்துக்கு மாத்தினது நாந்தான். அவ வேணாம்னுதான் சொன்னா. ஆனா மணப்பெண்ணோட அப்பா வக்கீல், யார் மேலயாவது பழியப் போட்டாகணும். அவளுக்குப் பழைய கதை ஒண்ணு இருந்துச்சு, அதனால ஊரும் நம்பிடுச்சு. உங்கவர மாதிரி ஆளுங்க மேல எனக்கு மரியாதைதான்."

நான் கைதட்டியே விட்டேன். "போதும்டி! இன்னிக்கே பிரிண்ட் எடுத்து வாசல்ல ஒட்டிடலாம்."

"வேணாம்" என்றாள் டார்லா. "ஒட்டினா ரெண்டு நாள் பேசுவாங்க. அவ அழுவா. அப்புறம் எல்லாரும் அவளுக்கே சமாதானம் சொல்வாங்க. அவ பத்திரிகைக்காரங்களக் கூட்டிட்டு மேல வரட்டும். அங்க வெச்சுத்தான்."

மே மாதம் மலைச்சாலையைத் திறந்த மறுநாள் வெண்டல் கடைக்கு வந்தான். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றாமல் கல்லாவுக்கு முன்னால் நின்றான்.

"எனக்குக் கல்யாணமாம்" என்றான். "செப்டம்பர் இருபத்தேழு, காலைல ஏழரை. டீசல் போடற எடத்துல ஈனெஸ் வந்து கையக் குலுக்கறா. நானும் தேங்க்ஸ்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?"

ஈனெஸ் பூங்காவின் ரேஞ்சர். கல்யாணப் பெர்மிட்டெல்லாம் அவள் கையில்தான் இருக்கும்.

டார்லா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கடிதங்களையும் காட்டினாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான்.

"கோரின் செஞ்சது அநியாயம்" என்றான். "இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? அந்தத் தேதிய விட்டுடு. நாளைக்கே கவுண்டி பதிவு ஆபீசுக்குப் போவோம். நம்ம மாநிலத்துல பாதிரியார்கூட வேணாம், நீயும் நானும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. இந்தக் காகிதத்த ஒட்டணுமா, ஒட்டு. யாருக்கு வேணா காட்டு. நானே ஆணி அடிச்சுத் தரேன். ஆனா அந்த நாள் வேணாம்."

டார்லா கடிதங்களை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"முதல்ல அது முடியட்டும், வெண்டல்."

"அப்ப நான் யாரு? அவள அடிக்க நீ எடுத்த கட்டையா?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தாம்மா. அவ முகத்தப் பாக்கத்தான் நீ அங்க போற. நான் கோட்டு போட்டுட்டுப் பக்கத்துல நிப்பேன், நீ என்னத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டே. என் பேர அந்தக் கட்டத்துல அடிச்சப்ப நான் பத்தடி தள்ளித்தான் உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். வாயில சாப்பாட்டோடயே சொல்லியிருப்பேன்."

அவன் போய்விட்டான். "பின்னாலயே ஓடு" என்று அவளைத் தள்ளினேன்.

"முட்ட கருகுது" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கோடை முழுக்க வெண்டல் பெட்ரோல் பங்கில் நின்றபடியே காப்பி குடித்தான். டார்லா மெலிந்தாள். ஆனால் ஜீன் டாலிவர் கோரினுக்கு உற்சாகமாக எழுதிக்கொண்டேயிருந்தாள்: பூ என்ன நிறம், யாழ் வாசிப்பவர் வருகிறாரா, பத்திரிகைக்காரர்கள் எத்தனை பேர்? கோரின் எல்லாவற்றையும் பட்டியலிட்டு அனுப்பினாள். ஓர் இரவு தூக்கம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று யோசித்ததாக டார்லா பின்னாளில் என்னிடம் சொன்னாள். காலையில் இரும்புச் சாமான் கடைக்குத் திருகாணி வாங்கப் போயிருக்கிறாள். கடைக்காரர் மறுபடி மோந்து பார்த்தாராம். அதோடு அந்த யோசனை போயிற்று.

இருபத்தேழாம் தேதி ஆறரைக்கே நானும் அவளும் மாரியன் ஏரிக்குப் போய்விட்டோம். புல்லில் உறைபனி. தூரத்தில் எல்க் மான்கள் கத்திக்கொண்டிருந்தன. டார்லா நீலக் கம்பளிக் கோட்டும் நல்ல காலணியும் போட்டிருந்தாள். ஏரிக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடுப்பு உண்டு. ஈனெஸ் அங்கே பெர்மிட்டைச் சரிபார்த்தாள்.

"வெண்டல் வரலையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வரல."

ஈனெஸ் காகிதத்தையும் டார்லாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்யாணம் நடக்குதா இல்லையான்னு பாக்கறது என் வேலை இல்ல. ஒன்பதர வரைக்கும் இடம் உங்களோடது. பதினஞ்சு பேருக்கு மேல போகக்கூடாது. யாரு உள்ள, யாரு வெளிலன்னு நீங்க சொல்லுங்க, நான் எண்ணிக்கறேன்."

ஏழு மணிக்குக் கோரினின் வெள்ளை வேன் வந்தது. பின்னால் இன்னொரு கார். பெத்தனி வெள்ளை உடையின் மேல் கார்லின் பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். அவளுடைய அம்மா, யாழ்க்காரி, பூ வளைவைத் தூக்கிய இருவர், பத்திரிகையின் எழுத்தாளப் பெண், படக்காரர். எல்லோருக்கும் முன்னால் கோரின், கையில் ஒரு பூங்கொத்தோடு, "ஜீன்! ஜீன் எங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

டார்லா தடுப்பின் மேல் கை வைத்து நின்றிருந்தாள்.

"நீயா? நீ இங்க என்ன பண்ற?"

"ஜீன் என்னோட நடுப்பேரு. டாலிவர் எங்கம்மா வீட்டுப் பேரு" என்றாள் டார்லா. "அஞ்சு வருஷம் ஒரே மேசைல சாப்பிட்டோம், கோரின். ஒருநாள்கூட நீ கேட்டதில்ல."

கோரினின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த எல்லாம் வடிந்துவிட்டது. அந்த முகத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் அவள் லேசானவள் இல்லை. சட்டென்று குரலைக் குழைத்தாள்.

"டார்லா, நமக்குள்ள எது இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்டி. பெத்தனியப் பாரு. எத்தன மைல் தாண்டி வந்திருக்கா. அவ என்ன பாவம் பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல. அவ உள்ள வரலாம். எல்லாரும் வரலாம். நீ வரக்கூடாது."

"என்ன பேசற நீ?"

"ஏப்ரல் பதினொண்ணு எனக்கு ஒரு லெட்டர் போட்டியே, அத இவங்க முன்னாடி நீயே படி. படிச்சா நீயும் வரலாம்."

டார்லா மடித்த காகிதத்தை நீட்டினாள். கோரின் வாங்கவில்லை. பத்திரிகைப் பெண் பக்கம் திரும்பினாள். கண்ணில் சரியாக நீர் வந்திருந்தது. "மன்னிச்சிடுங்க. இவங்க எங்க பழைய ஆளு. ரொம்ப நாளாவே குடிப் பிரச்சினை. காலைலயே..."

"ஈனெஸ்," என்றேன் நான், "வாய ஊதிப் பாக்கற கருவி உங்க வண்டில இருக்குமே?"

"இருக்கு" என்றாள் ஈனெஸ்.

டார்லா வண்டி வரைக்கும் நடந்து போய் ஊதினாள். ஈனெஸ் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். "பூஜ்யம்."

பத்திரிகைப் பெண் கையை நீட்டினாள். டார்லா காகிதத்தைக் கொடுத்தாள். அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. மனத்துக்குள் படித்துவிட்டுப் படக்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுப் பெத்தனியின் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மாள்தான் சத்தமாகக் கேட்டாள்: "எம் பொண்ணையும் இப்படித்தான் இடில நிறுத்தப் பாத்தியா?"

கோரின் அப்போது அழுகையை நிறுத்தினாள். நேராக டார்லாவைப் பார்த்தாள். ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. உனக்குக் கல்யாணம்னுதானே பெர்மிட்ல போட்டிருக்கு? மாப்பிள்ளை எங்கடி? பழி வாங்கறதுக்குக்கூட உன் பக்கத்துல நிக்க ஒருத்தன் வரல, பாத்தியா?"

ஒரு நொடி டார்லாவின் கை தடுப்பிலிருந்து நழுவியது. எனக்குக் கோரினின் தலைமுடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. டார்லா தடுப்பை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"வரல" என்றாள். "அது எனக்கும் அவனுக்கும். நீ வேன்ல போய் உக்காரு. குளிருது."

பிறகு ஈனெஸ் எண்ணினாள். பெத்தனி, கார்ல், அம்மா, யாழ்க்காரி, பூக்காரர்கள், பத்திரிகைப் பெண், படக்காரர், நான், டார்லா. பத்துப் பேர். இன்னும் ஐந்து இடம் காலியாகவே இருந்தது. அதை ஈனெஸ் கோரினின் காதில் விழும்படி இரண்டு முறை சொன்னாள்.

ஏரிக்கரையில் எல்லாம் டார்லா சொன்னபடிதான் நடந்தது. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது பேசத் தொடங்குவது என்று அவளே காட்டினாள். எட்டு மணிக்குச் சற்று முன் வெயில் மலை விளிம்பைத் தாண்டி மஞ்சள் மரங்களில் இறங்க, அவை தண்ணீருக்குள்ளும் தெரிந்தன. கார்ல் தான் எழுதி வந்த உறுதிமொழியை மறந்துவிட்டு "நான் உன்ன நல்லா பாத்துக்குவேன்" என்று மட்டும் சொன்னான். ஒரு பாறையின் மேல் காகிதத்தை வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெத்தனி டார்லாவைக் கட்டிக்கொண்டாள். டார்லா அவள் தோளுக்கு மேலாகத் தடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெத்தனியின் அம்மா வந்தது கோரினின் வேனில். அதனால் கோரின் போகவும் முடியாமல், ஒன்பதரை வரை அந்த வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க அவள் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது.

அன்று மதியம் டார்லா பனி தள்ளும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். என்ன நடந்தது என்று வெண்டலே என்னிடம் பின்னாளில் சொன்னான். அவன் வண்டியின் அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தானாம். வெளியே வரவில்லை.

"சந்தோஷமா?" என்று அடியிலிருந்தே கேட்டிருக்கிறான்.

"ரொம்ப."

"பொய் சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் சரி."

"வெண்டல், என்னக் கட்டிக்கிறியா? இப்ப யாருக்காகவும் கேக்கல."

அவன் வெளியே ஊர்ந்து வந்து கையைத் துடைத்தான். "நீ என்ன ஏழெட்டு மாசம் எனக்கே தெரியாம காகிதத்துல மாப்பிள்ளையா வெச்சிருந்தே. எனக்கும் கோபம் வரும். நானும் கொஞ்சநாள் உன்னக் காக்க வெக்கறேன். பதில் சொல்லும்போது சொல்வேன்."

சொன்னபடி காக்க வைத்தான். அக்டோபரில் கடைக்கு வர ஆரம்பித்தான். மழை, டீசல் விலை, கால் வலி என்று எல்லாம் பேசினான். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. டார்லா கேட்கவும் இல்லை. அவள் அதைத் தண்டனையாகவே ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். காப்பி ஊற்றிவிட்டுச் சில நாள் அவன் மேசையருகிலேயே நிற்பாள். அவன் பார்த்தும் பார்க்காததுபோல் செய்தித்தாளைப் புரட்டுவான். இவனும் சாதாரண ஆள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஏப்ரல் கடிதத்தின் நகல் ஒன்றை நான் என் கடை அறிவிப்புப் பலகையில், காணாமல்போன நாய்க்கும் விற்பனைக்குள்ள விறகுக்கும் நடுவில் குத்தி வைத்தேன். கிறிஸ்துமஸ் வரை எடுக்கவில்லை. ஊர் முழுக்கக் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று படித்தது. தேவாலயத்துப் பெண்கள் பலகார மேசையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். "நன்றி, அந்த மேசைல இப்ப எனக்கு வேல இல்ல" என்றாள் டார்லா. இரும்புச் சாமான் கடைக்காரர் அசடு வழியச் சிரித்து, எல்லோரும் சொன்னதைத்தானே நம்பினேன் என்றார். அவள் அவர் பக்கம் குனிந்து நன்றாக மோந்து பார்த்தாள். "புகையில" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பத்திரிகையில் பத்துப் பக்கம் வந்தது. பெத்தனியும் ஏரியும்தான் பக்கம் முழுக்க. கோரினின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. டார்லாவின் பெயரும் இல்லை. 'உள்ளூர்ப் பெண் ஒருவர் வழிகாட்டினார்' என்று ஒரே ஒரு வரி. ஆனால் பெத்தனி தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் நெப்ராஸ்காவிலிருந்து மட்டும் ஏழு ஜோடிகள் டார்லாவைத் தேடி எழுதின. கோரின் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. ஏரிகளை விட்டுவிட்டு இப்போது விடுதிக் கல்யாணங்கள் செய்கிறாள். கடைத்தெருவில் டார்லா எதிரே வந்தால் தெருவைத் தாண்டி நடப்பது அவள்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றடி பனி விழுந்து எல்லாக் கடையும் மூடியிருந்த அன்று, வெண்டல் பனி தள்ளும் வண்டியோடு டார்லாவின் வீட்டு வாசலுக்கு வந்து ஒலி எழுப்பினான். அவளை ஏற்றிக்கொண்டு, தானே வழி வெட்டிக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஒரே ஓர் ஆள்தான் வேலைக்கு வந்திருந்தாராம். பத்து நிமிடத்தில் கல்யாணம் முடிந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது, அந்த ஏரி விஷயத்தில் எப்போதாவது மனசு உறுத்துகிறதா என்று கேட்டேன். அவள் முட்டையை உடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"வெண்டல நினைச்சா உறுத்தும். அவள நினைச்சா..." என்றவள், கண்ணாடி வெளுத்த அந்த வேனை நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். "உறுத்தல் வருமோன்னு பாத்துட்டேதான் இருக்கேன். இன்னும் வரல."